தலைக்கு மேல் இரண்டு

"கொஞ்சம் வழி விடுங்க" என்றபடி பெரிய அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்த டெக்னீஷியன், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நின்றார். அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தார். அப்பாவின் தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. நேற்று சாயங்காலம்கூட அவரோடு போனில் பேசியவர் இவர்.

"எப்பங்க?"

"விடியக்காலைல" என்றாள் பாப்பா. "தூக்கத்துலயே."

நாற்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். பெட்டியின் ஒரு முனையை அவள் பிடிக்க, இருவருமாக அதைக் கால்மாட்டில், டி.வி.க்குக் கீழே இறக்கினார்கள். வேறு இடமில்லை. டி.வி.க்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, கட்டிலுக்கு இடமும் வலமும் ஒவ்வொன்று, மூலையில் முக்காலி உயரத்துக்கு ஒரு பேஸ் பெட்டி, கூரையில் இரண்டு. எல்லாம் முந்தாநாள் மாட்டியவை. இவற்றை இயக்குகிற ரிசீவர் மட்டும்தான் வர வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வந்துவிட்டது.

பெரியப்பா கூரையை அண்ணாந்து பார்த்தார். "சினிமாக் கொட்டகையவே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டான். டிக்கெட் கிழிக்கத்தான் ஆளில்ல."

யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. கேட்டிருந்தால் அப்பாவும் பாதி வாயால் சிரித்திருப்பார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் மல்லாந்தே கிடந்தார். பாப்பா வேலையை விட்டாள். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றான் அண்ணன். கொஞ்ச நாள் என்பது ரப்பர் மாதிரி, இழுக்க இழுக்க நீளும். அவள் குளிக்கப் போனால்கூட கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்கும்: "பாப்பா, அப்பா கூப்பிடுறார்." வெளியூரில் துணி டிசைன் ஆபீஸ் வைத்திருக்கும் தோழி, "வந்துடு, உனக்கு இடம் வச்சிருக்கேன்" என்றபோது அவள் கண்டுபிடித்த வழிதான் இந்த ஹோம் தியேட்டர். அப்பா படப் பைத்தியம். நல்ல கையில் ரிமோட், சுற்றிலும் சத்தம், பகலுக்கு ஒரு நர்ஸ் என்று வைத்துவிட்டால் அவள் இல்லாமலே அவருக்குப் பொழுது போய்விடும். அவரிடம் அதை மட்டும் சொல்லவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாகத் தோழிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆனால் ஒரு ரிசீவரைத் தேர்ந்தெடுப்பதற்குள் அப்பா அவள் உயிரை எடுத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டை ஊட்டி வாயைத் துடைத்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"அஞ்சு புள்ளி ஒண்ணுன்னா என்ன, மறுபடி சொல்லு."

"சுத்தி அஞ்சு ஸ்பீக்கர்ப்பா. புள்ளி ஒண்ணு, தும்தும்னு அதிருற அந்த பேஸ் பெட்டி."

"அப்ப ஏழு புள்ளி ஒண்ணு?"

"முதுகுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு."

"என் முதுகுக்குப் பின்னாடி மெத்தைதானே இருக்கு!"

அதுவும் நியாயம்தான். கம்பெனிக்காரர்களின் படங்களில் எல்லாம் சோபாவில் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மல்லாந்து கிடப்பவருக்குக் கூரைதான் முன்பக்கம். அதனால் அந்த இரண்டையும் தலைக்கு மேல் கொண்டுபோகிற வகை, அஞ்சு புள்ளி ஒண்ணு புள்ளி ரெண்டு. பழைய வகை ரிசீவருக்கு அந்தப் பாஷை தெரியாது. எந்தச் சத்தம் எந்தப் பெட்டிக்கு என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்ததைத்தான் அது வாசிக்கும். புதியதில், மழை தலைக்கு மேலே பெய்கிறது என்று படமே சொல்லும், ரிசீவர் அதைப் புரிந்துகொண்டு கூரைக்கு அனுப்பும். இத்தனையும் சொல்லி முடித்து மூச்சு விட்டால், மறுநாள் "பாப்பா, அஞ்சு புள்ளி ஒண்ணுன்னா என்ன?" என்பார். புத்தியும் போக ஆரம்பித்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம். போன வாரம் பொறுமை இழந்து, அவரைக் கேட்காமல் தானே கடைக்குப் போன் பண்ணி அனுப்பச் சொல்லிவிட்டாள்.

மதியம் வண்டி வந்தது. அப்பாவைப் படியில் இறக்கும்போது டெக்னீஷியனும் ஒரு கை கொடுத்தார். சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வந்து எல்லோரும் கை கால் கழுவிக்கொண்டிருக்கையில், அவர் வாசல் ஓரமாக நின்று பாப்பாவிடம் சொன்னார்.

"சார் கெட்டிக்காரர்ங்க. முதல் தடவை போன் பண்ணினப்பவே இந்த மாடல்தான் வேணும்னுட்டார். ஏழு சேனல், அதுல ரெண்டு மேல."

"முதல் தடவையேவா?"

"ஆமாங்க. 'ஆனா இப்ப அனுப்பாதீங்க, எம் பொண்ணு இன்னும் எனக்கு வெளக்கிக்கிட்டு இருக்கா, அவ சொல்றப்ப அனுப்புங்க'ன்னார்."

பாப்பாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். மருந்து கொடுக்கவும் துடைக்கவும் வந்தவள் உடனே எழுந்து போய்விடுவாள். விளக்கம் சொல்ல வந்தவள்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அவரை விட்டுப் போக இவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "திருட்டு மனுஷன்" என்று முணுமுணுத்தாள். கண் எரிந்தது. போனவரோடு சண்டை போட முடியாது என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

உள்ளே அண்ணன் பெட்டியைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான். "பிரிக்கல இல்ல? திருப்பிக் கொடுத்துடலாம்."

"மாட்டச் சொல்லு" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அவர் ஆசைப்பட்டது. ஒரு தடவையாவது இந்த வீட்ல கேக்கட்டும்."

"அதை யாரும்மா இயக்குவாங்க?"

"பாப்பா இருக்காளே."

"அதானே" என்றாள் அண்ணி. "எங்க ஃப்ளாட்ல அத்தைக்கு மூச்சு முட்டும். இங்கன்னா பாப்பா துணைக்கு இருப்பா."

கூடத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. பெரிய பாரம் இறங்கிய நிம்மதி. அது இறங்கிய இடம் பாப்பாவின் தலை.

"அண்ணா, எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. வெளியூர்ல."

"இன்னிக்கா அதைப் பேசணும்?" என்றான் அண்ணன். கடிந்துகொள்ளவில்லை, அன்பாகத்தான் சொன்னான்.  பாப்பா போனின் சத்தத்தை அணைத்து அலமாரியில் போட்டாள்.

டெக்னீஷியன் வயர்களை மாட்டி முடித்தார். நுனியில் மைக் இருந்த வயரை இழுத்துவந்து, தலையணை மேல், அப்பாவின் காது இருந்திருக்கும் இடத்தில் வைத்தார். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் எழுப்பி, கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று அளந்துகொள்ளும். ஃபேனை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள்.

"முடியிற வரைக்கும் யாரும் பேசக் கூடாதுங்க. அசையவும் கூடாது."

முதல் ஸ்பீக்கர் உஸ்ஸென்றது. உடனே நின்றுவிட்டது. டெக்னீஷியன் டி.வி. திரையைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "ரூம்ல வேற சத்தம் இருக்குன்னு சொல்லுதுங்க."

அது அம்மாவின் விசும்பல். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். இரண்டாம் தடவையும் நின்றது. "வேணாம், அப்புறம் பார்த்துக்கலாமே" என்றார் அவர். அம்மா வேண்டும் என்று தலையை ஆட்டினாள்.

பாப்பா போய் அம்மாவின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அழுகை அவள் துணிக்குள் போயிற்று. அம்மாவின் இரண்டு கைகளும் அவள் முதுகைச் சுற்றி வந்து கோத்துக்கொண்டன. டெக்னீஷியன் பொத்தானை அழுத்திவிட்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

இடது ஸ்பீக்கர் ஒலித்தது. நடு ஸ்பீக்கர் ஒலித்தது. அலமாரியில் போன் வெளிச்சம் போட்டது, திரையில் தோழியின் படம். எட்டினால் எடுத்துவிடலாம். வலது ஒலித்தது. அம்மாவின் கைகள் இன்னும் இறுகின. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலின் இரு பக்கமும் ஒலித்து ஓய்வதற்குள் அலமாரியில் வெளிச்சம் அணைந்துவிட்டது.

மேலே இரண்டு பாக்கி இருந்தது.