கோயில் சுவரில் கடற்காக்கை

எங்கள் கடற்கரையில் கண் என்றால் அது என் புருஷன் ஏசுஅடிமையின் கண்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலைக்கு மீன்கூட்டம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. பாறைமேல் நின்று கடலைப் பார்ப்பார். தூரத்தில் கடற்காக்கைகள் வட்டமிட்டால் அடியில் சாளையோ நெத்திலியோ ஏறி வருகிறது என்று பொருள். உடனே தோளில் கிடக்கும் துண்டை உருவி வீசிக் காட்டுவார். துண்டு காட்டும் திசைக்கு வள்ளம் போகும், வலை விழும். இருபத்திரண்டு வருஷம் அந்தத் துண்டு பொய் சொன்னதில்லை. சந்தையில் மீன் விற்கும்போது நான் இதைச் சொல்லாத நாள் கிடையாது. அதற்குப் பயந்தே சிலர் பக்கத்துக் கூடைக்குப் போனார்கள்.

2012 ஜூனில் துண்டு பொய் சொன்னது. ஒரே வாரத்தில் மூன்று தடவை. மூன்று தடவையும் வலையில் பாசியும் கொழகொழத்த சொறிமீனும்தான் வந்தன. மூன்றாம் நாள் இவர் பாறையிலிருந்து இறங்கி வந்து, வள்ளத்தின் முன்பக்கம் துடுப்புப் போட்ட முத்துநாயகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பறவ அந்தால நிக்கி, நீ ஆம மாதிரி தொளயுத. நீ போய்ச் சேருகதுக்குள்ள கூட்டம் கலஞ்சு போச்சு. நாளையிலேருந்து நீ வள்ளத்துல ஏறண்டாம்."

முத்துநாயகம் என் கூடப்பிறந்த தம்பி. நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் துடுப்பை மணலில் வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கொல்லத்துக்குப் போய் விசைப்படகில் கூலிக்கு ஏறிவிட்டான். எனக்கு இருவர் மேலும் கோபம். வீட்டுப் பாத்திரங்கள்தான் அதை வாங்கிக்கொண்டன.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தோம். கோயில் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். இவர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ரீத்தா, பாத்தியா? கடக்காக்கா கோயிலு வரைக்கும் வந்துட்டு."

சுவரில் ஒன்றுமில்லை. ஒரு பல்லிகூட இல்லை. கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினேன்.

"இப்ப?"

"பறந்து போச்சு."

கையை எடுத்தேன். "இப்ப?"

அவர் பார்வை மறுபடி சுவரில் பறவையின் பின்னால் போனது. மறுநாளே நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, தலையில் விளக்கு கட்டிய டாக்டரம்மா ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார்.

"கண்ணுக்குள்ள தெளிவா ஒரு கூழ் உண்டு. வயசாகும்போது அது சுருங்கி, அங்கங்க திரண்டு மிதக்கும். அதோட நிழலத்தான் பறவைன்னு பாக்கிறீங்க. விழித்திரை நல்லா இருக்கு, கிழிசல் இல்ல. நிறையப் பேருக்கு இது வரும், பழகிடும். ஆப்பரேஷன் செய்யலாம். ஆனா சீக்கிரம் புரை விழும், விழித்திரை விலகவும் வாய்ப்புண்டு. ஆறு மாசம் பாப்போம்."

பஸ்ஸில் வரும்போது தம்பி பேச்சை எடுத்தேன். "ஜூன்ல எனக்க கண்ணு நல்லாத்தான் இருந்துது. அவன் மெதுவாத்தான் தொளஞ்சான்" என்றார். "கூழு கண்ணுல மட்டுமா கெடக்கு?" என்று கேட்டேன்.

ஆறு மாதத்தில் பழகவில்லை. பாறைப் பக்கமே போகாமல் வலை பின்னிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் டாக்டரம்மாவிடம் அவரே சொன்னார்: "எனக்குத் தொழிலே பாக்கதுதான். புரை விழுந்தா அதையும் எடுத்துக்கிடலாம்."

கண்ணை மட்டும் மரக்கவைத்துத்தான் ஆப்பரேஷன். வெள்ளைவிழியில் ஊசி நுழையும் அளவுக்கு மூன்று துளை. அதன்வழியே கூழை எடுத்துவிட்டு, தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தை நிரப்பினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "ஒரு தடவகூட அசையல" என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். "இருபத்திரண்டு வருசம் பாறமேல நிண்ண ஆளு" என்றேன். சும்மா இருக்க முடியுமா?

ஒரு மாதம் கழித்து முதல்முறையாகப் பாறைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இண்ணைக்கு பறவ வந்துது ரீத்தா. நெசப் பறவ. தண்ணியில குத்திக் குத்தி எந்திரிச்சுது."

"நல்லதுதான?"

"ஜூன்ல கண்டது ஒண்ணுகூடக் குத்தல்ல. சும்மா வழுக்கி வழுக்கிப் போச்சு. அண்ணைக்கே அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஆறிப்போன சோற்றை எடுத்துவிட்டுச் சூடாக வேறு போட்டேன்.

ஈஸ்டருக்குத் தம்பி ஊருக்கு வந்திருந்தான். மறுநாள் காலை கரைமடி ஆட்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்துக்கு இவர் போனார். முத்துநாயகத்தையும் ஆள்விட்டு வரவழைத்தார். நான் கூடையோடு பின்னால் நின்றேன். காற்றை மீறிக் கேட்கும்படி சத்தமாகத்தான் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்கோ. முத்துநாயகம் மெதுவாத் தொளயல்ல. அங்க பறவையே இல்ல. தப்பு எனக்க கண்ணுல. பொறவு எனக்க வாயில. எல்லாருக்கும் முன்னால வச்சு அவன ஏறண்டாம்னு செல்லினேன். எல்லாருக்கும் முன்னால வச்சுத் திரும்பக் கூப்பிடுதேன்."

வலை நிறைந்து கரையேறிய எந்த நாளிலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. பக்கத்தில் நின்றவளிடம் "எனக்க மாப்பிள" என்றேன், அவளுக்குத் தெரியாததுபோல.

முத்துநாயகம் மணலைப் பார்த்தபடி நின்றான். "நானும் பறவையக் காணல்ல, அத்தான்" என்றான்.

"பொறவு ஏம்லே அண்ணைக்கே செல்லல்ல?"

"நீருல்லா துண்டு வீசினீரு? எனக்க கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். கொல்லத்துல ரெண்டு ஆஸ்பத்திரியில காட்டினேன். கண்ணு நல்லா இருக்குன்னு ரெண்டு எடத்துலயும் செல்லினாவ. நான் நம்பல்ல, அத்தான்."