யாரும் கேட்டு வராத பயங்கள்

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலைப் பார்த்தாற்போல் கட்டியிருக்கும் ஒரு ரிசார்ட்டில், விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களின் பதிவேட்டில், வர்தா புயல் அடித்த வருடத்திலிருந்து பயங்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். சார்ஜர்களுக்கு மூன்று பக்கம், மூக்குக் கண்ணாடிகளுக்கு ஒன்று, பயங்களுக்கு ஒன்று. முதல் பயத்தைக் கண்டெடுத்தவள் பொன்னி. அறைகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை, ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறை. 114ஆம் அறையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால், எலுமிச்சம்பழம் அளவில், கொஞ்சம் ஈரமாகக் கிடந்தது. சோப்பு என்று நினைத்துத்தான் எடுத்தாள். கையில் எடுத்தவருக்கு அது பயம் என்று தெரியாமல் போகாது. எதைப் பற்றிய பயம் என்பதுதான் தெரியாது. சூப்பர்வைசர் காயத்ரி அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தேதி போட்டு, ‘பயம், ஒன்று’ என்று எழுதிக்கொண்டாள்.

ரிசார்ட்டின் விதி என்னவென்றால், தொண்ணூறு நாளைக்குள் உரியவர் கேட்டு வராத பொருள் கண்டெடுத்தவருக்குச் சொந்தம். இந்த விதியால் பொன்னிக்கு இரண்டு குடையும், ஒரு வெயில் தொப்பியும், மருதாணி டியூப்புகளும் கிடைத்திருந்தன. குடையைக் கேட்டாவது யாராவது போன் பண்ணுவார்கள். பயத்தைக் கேட்டு யாரும் பண்ணவில்லை. தொண்ணூற்றோராம் நாள் ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற கட்டத்தில் பொன்னி கையெழுத்துப் போட்டாள், பயம் அவளிடம் வந்துவிட்டது. சட்டைப் பொத்தான்களைப் பற்றிய பயம் அது. யூனிபாரத்துக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டாள். திருப்போரூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் ஏசுதாஸ் அன்றிலிருந்து டி-ஷர்ட்டுக்கு மாறினான். இரண்டாவது பயம் வந்தபோது கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். பொருள் அலமாரியில் தேங்கக் கூடாது, கண்டெடுத்தவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது. வேலையை விட்டுவிடலாம்தான். விட்டால் வேறு ரிசார்ட்டில் பதினெட்டு அறை.

ஏழு வருடத்தில் ஆறு பயங்கள் சேர்ந்தன. பொத்தான் போக, குளியல்தொட்டி காலியாகும்போது கடைசியில் வரும் உறிஞ்சும் சத்தம், போனின் மூன்றாவது மணி, சுற்றாமல் நிற்கும் மின்விசிறி, முழு நிலா, முதுகுப் பக்கம் வரும் கொட்டாவி. எல்லாவற்றுக்கும் பொன்னி ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் முக்கால்வாசி வடிந்ததும் ஓடி வெளியே வந்துவிடுவாள். பௌர்ணமிக்கு ஜன்னலில் போர்வை கட்டுவாள். கரன்ட் போனால் தெருவுக்கு வந்து நிற்பாள். ஒரு பயத்துக்குப் பத்து நிமிஷம் என்றாலும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும். அந்த ஒரு மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டுப் போனவர்கள் நன்றாக இருந்தார்கள். மனசே லேசாகிவிட்டது என்று இணையத்தில் எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள்.

2023 நவம்பர் கடைசியில் அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து அப்பாசாமி என்பவர் உறவுக்காரர் கல்யாணத்துக்காக ரிசார்ட்டில் வந்து தங்கினார். எழுபத்தாறு வயது, பதினொரு ஏக்கர் நிலம், ஓட்டலில் படுப்பது அதுதான் முதல் தடவை. கட்டில் விரிப்பை யார் விரித்தார்களோ என்று தரையில் தன் துண்டைப் போட்டுப் படுத்தார். தண்ணீர் பாட்டிலை யார் நிரப்பினார்களோ என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பிலேயே குடித்தார். இரண்டாம் நாள் செம்பில் தண்ணீர் தீர்ந்தது. பிறகு அறைக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் அவர் கீழே இறங்கி வந்து, யார் அவித்தது என்று கேட்காமல் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அறையைச் சுத்தம் செய்யப் போன பொன்னி அலமாரியில் செம்பைக் கண்டெடுத்தாள். செம்புக்குள், வாய் வரைக்கும் அடைத்துக்கொண்டு, காய்ந்துபோன ஒரு பெரிய பயம் இருந்தது.

மூன்றாம் நாள் அவர் மகன் மோகன் போன் பண்ணினான். மனை போட்டு விற்பவன், பேச்சு கறாராக இருக்கும். தாத்தா காலத்துச் செம்பு, கூரியரில் அனுப்பி வையுங்கள் என்றான். செம்பைப் பற்றித்தான் கேட்டான், உள்ளே இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் காயத்ரி பயத்தை அலமாரித் தட்டில் கவிழ்த்துவிட்டு, செம்பைத் துலக்கி பார்சல் கட்டச் சொன்னாள். புளி போட்டுத் தேய்த்தது பொன்னி என்று பார்சல்மேல் எழுதவில்லை.

பிப்ரவரி கடைசியில் அது பொன்னிக்கு வந்து சேர்ந்தது. மற்றவை ஒரே நாளில் பிடிபட்டன. இது மூன்று நாள் சும்மா இருந்தது. நான்காம் நாள் காலையில் டீ போட்டு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள், சோற்றில் பல்லி கிடப்பதைப் பார்த்ததுபோல் உடம்பு பதறியது. டம்ளர்தான் பயமோ என்று கப்பில் ஊற்றினாள். கப்பும் ஆகவில்லை. பச்சைத் தண்ணீரை மொண்டாள், அதுவும் ஆகவில்லை. ஏசுதாஸ் மொண்டு கொடுத்தாலும், பக்கத்து வீட்டு முனியம்மா கொடுத்தாலும், மகள் ஜெனிட்டா ஆக்கிய சோறு என்றாலும் இறங்கவில்லை. ரிசார்ட்டில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வந்த சமையல்காரர் கொடுத்த காபி மட்டும் உள்ளே போனது. முகம் கழுவத் தன் கையைக் கன்னத்தில் வைத்தபோது அலறிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் அது இன்னதென்று விளங்கியது. காயத்ரி அறைச் சாவிகளைப் பொன்னியின் கையில் கொடுப்பதில்லை. மேசைமேல் வைப்பாள், பொன்னி எடுத்துக்கொள்வாள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை, நினைத்ததும் இல்லை. அன்றைக்கு அவசரம், பொன்னி கையை நீட்டிவிட்டாள். காயத்ரியின் கை விருட்டென்று ஓர் அங்குலம் பின்னால் போனது. அந்த ஓர் அங்குலத்தைப் பார்த்ததும் பொன்னிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எதிரில் நின்று பார்த்த பயம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

“மேடம், அது இன்னா பயம்னு தெரிஞ்சிப்போச்சி” என்றாள். “எங்காளுங்க கை பட்டா ஆவாத பயம். இப்ப எங்கைய கண்டா எனுக்கே பயமா கீது.”

காயத்ரி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அவளும் அப்பாசாமி ஊருக்குப் பக்கம், மதுராந்தகத்தை ஒட்டிய ஒரு கிராமத்துப் பெண்தான். “இத்தெல்லாம் நோட்ல எழுதிக்கினு இருந்தா நோட்டு பத்தாது பொன்னி. எல்லார் வூட்லயும் கீறதுதானே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

தன் கை தன்மேல் படாமல் ஒரு நாளை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. குளிப்பதற்கு ரப்பர் கையுறை, தலை சீவுவதற்குக் கையுறை, தூங்கும்போது கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் தலையணை. தோலோடோ ஓட்டோடோ வருவதைத்தான் சாப்பிட முடிந்தது: வேகவைத்த முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை. பொன்னி ஒன்பது கிலோ இளைத்தாள். எல்லாரும் சர்க்கரை வியாதி என்றார்கள்.

“நான் ஆக்கனா துன்ன மாட்ற. முனியம்மா அக்கா குட்தா துன்ன மாட்ற. நாங்க இன்னாம்மா பண்ணோம்?” என்று ஜெனிட்டா ஒருநாள் கேட்டுவிட்டாள். மறைமலைநகர் கம்பெனியில் க்வாலிட்டி செக்கிங் பார்க்கும் பெண். எதிலும் காரணம் கேட்பாள். பொன்னி சொன்னாள். ஜெனிட்டா முதலில் சிரித்தாள். பிறகு பின்பக்கம் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி எடுத்து ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் பொன்னியின் வாழ்க்கையிலேயே கேவலமான அரைமணி நேரம்.

ஜெனிட்டாவுக்கும் ஜெபசிங்குக்கும் மே இருபதாம் தேதி கல்யாணம் குறித்திருந்தது. பெண் வீட்டிலிருந்து கோயிலுக்குக் கிளம்பும்முன் அப்பாவும் அம்மாவும் அவள் தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்ப வேண்டும். வேறு எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம், இதை விட முடியாது. அந்தக் கைக்காகத்தான் பொன்னிக்கு ராத்திரியும் பகலும் கவலை. தன் கையே ஆகவில்லை என்றால் மகளின் தலையை எப்படித் தொடுவது? தொட்டு, எல்லார் முன்னாலும் அலறிவிட்டால் அந்தப் பெண் அதை மறப்பாளா?

“கிளவுஸ் போட்டுக்கினு வையேன்” என்றான் ஏசுதாஸ். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

“கக்கூஸ் கழுவுற கிளவுஸ போட்டுக்கினு எம் பொண்ணு தலைய தொடுவனாய்யா?” என்றாள்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது மோகன் காரில் வந்து இறங்கினான். கையில் அந்தச் செம்பு இருந்தது. ஊரில் நடந்ததைக் காயத்ரியிடம் சொன்னான். நைனா ரிசார்ட்டிலிருந்து வந்ததிலிருந்து சரியில்லை, எதையோ இங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு டிராக்டர் ஓட்டும் சின்னையன் வீட்டுக்குப் போய்விடுகிறார். தட்டை அவர்களோடு சேர்த்து அவரே கழுவி வைக்கிறார். சொந்தக்காரர்கள் பத்திரிகை வைப்பதை நிறுத்திவிட்டார்கள். காயத்ரி பதிவேட்டைப் பார்த்து, பொருள் இப்போது பொன்னிக்குச் சொந்தம், அவள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். விரிப்புகள் அடுக்கும் அறையின் வாசல் வரைக்கும் மோகன் வந்தான். உள்ளே வரவில்லை.

“எங்க நைனாவோடது ஒண்ணு உங்கிட்ட கீதாமே. அத்த வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?”

உடனே எடுத்துக்கொண்டு போ என்று சொல்லத்தான் பொன்னிக்கு நாக்கு துடித்தது. ஆனால் எழுபத்தாறு வயதில் ஒரு மனுஷன் நிம்மதியாகச் சோறு தின்கிறார். அவர்மேல் மறுபடி இதை ஏற்றிவிடுவதா என்று ஒரு யோசனை குறுக்கே வந்தது. “அவரையே ஒரு வார்த்த கேளு” என்றாள். மோகன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“எனுக்கு வாணாம்” என்றது அப்பாசாமியின் குரல். “யார் ஆக்கனா, யார் மொண்டான்னு பாத்துக்கினே எழுவத்தாறு வருசம் துன்னாச்சி. ருசின்னா இன்னான்னு இப்பதான்டா தெரியுது. ஆமா, அது இப்ப யார்கிட்ட கீது?” பொன்னிதான் சொன்னாள், எங்கிட்ட கீது என்று. கிழவர் “நீ எந்த ஆளும்மா?” என்று கேட்டு, அவள் சொன்னதும், “ஐயோ, உனுக்கா போவணும்” என்றார். “கடல்ல தூக்கிப் போட்டுடும்மா.”

“போட்டா வலையில வருங்க. எவளாவது மீன் ஆயும்போது அவ கையில மாட்டும்” என்றாள் பொன்னி.

மோகன் போனை அணைத்தான். “அவரு கெடக்கறாரு. நான் எடுத்துக்கினு போயி அவரு தலகாணிக்கு அடில வெச்சிட்றேன்” என்று சொல்லி, கை படாமல் இருக்கச் செம்பை நன்றாக எட்டி நீட்டினான். காயத்ரி பதிவேட்டைக் கொண்டுவந்து ‘பெற்றுக்கொண்டவர்’ கட்டத்தில் மோகனிடம் கையெழுத்து வாங்கினாள். பயம் தலையணைக்கெல்லாம் போகாது, கையெழுத்துப் போட்டவரிடம்தான் போகும் என்பது பொன்னிக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். களைப்பாக இருந்தது, சொல்லவில்லை. இதைத் தப்பு என்கிறவர்கள் இரண்டரை மாதம் சோறில்லாமல் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். செம்பின்மேல் குனிந்து ஒரு தடவை செருமினாள். உள்ளே பொத்தென்று ஏதோ விழுந்தது. அன்று மதியம் வீட்டுக்குப் போய் ஜெனிட்டா ஆக்கிவைத்திருந்த சோற்றைக் குண்டானோடு எடுத்து வைத்துக்கொண்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றித் தின்று முடித்தாள்.

மோகனுக்கு அதே ஜாதிப் பயம் பிறவியிலேயே ஒன்று இருந்தது, இதோடு இரண்டாயிற்று. ஒரு வாரத்தில் சோறு பிடிக்காமல் போனது, நாற்று நட்டது யார் என்று தெரியுமாதலால். பிறகு சுவர், செங்கல் சுமந்தது யார் என்று தெரியுமாதலால். பிறகு கட்டில், பிறகு தார் ரோடு, பிறகு வீட்டுத் தரை. ஜூன் மாதத்திலிருந்து அவன் கால் எதிலும் படுவதில்லை, தரைக்கு நாலு விரல் மேலேயே நடக்கிறான். மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் அவன் காலைப் பார்க்கிறார்கள், பிறகு பத்திரத்தைப் பார்க்கிறார்கள். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை என்று கேள்வி. அப்பாசாமி மதியச் சாப்பாட்டைச் சின்னையன் வீட்டிலேயே வைத்துக்கொண்டுவிட்டார்.

மே இருபதாம் தேதி காலையில் ஜெனிட்டா வெள்ளைப் பட்டுப்புடவையும் தலையில் பூவும் வலைத்துணி நெட்டுமாக வீட்டு நடுவில் பாய்மேல் முழங்கால் போட்டாள். பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார், எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஏசுதாஸ் கையை வைத்துவிட்டான். பொன்னி கையை நீட்டினாள். பயம் இல்லை, அது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் இரண்டரை மாதப் பழக்கத்தில் கை அதுவாகவே தலைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுவிட்டது. கீழே இறக்க எவ்வளவு பார்த்தும் இறங்கவில்லை. பொன்னிக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஜெனிட்டா கண்ணைத் திறக்கவில்லை. “அம்மா, இன்னும் படல” என்று மெதுவாகச் சொன்னாள். “நல்லா அமுக்கி வையி. பூவு நசுங்கனா நசுங்கட்டும்.”

பொன்னி வைத்தாள். பூ நசுங்கியது, நெட்டு ஒரு பக்கம் சரிந்தது, உள்ளே மகளின் தலை சூடாக இருந்தது. பாஸ்டர் ஆமென் சொன்னார். போட்டோ எடுப்பவர் இதோடு போதும் என்றார். ஜெபசிங் வீட்டார் அனுப்பிய கார் வாசலில் ஹாரன் அடித்தது. நேரமாகிறது, கையை எடு என்று ஏசுதாஸ் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.