டோக்கன் எடுக்காமல் இறங்கியவர்

சுரங்கச் செம்மல் ஜெயகரன் முதன்முதலாகத் தரைக்குள் இறங்கியது சித்தார்த்தனின் நினைவேந்தல் கூட்டத்தில்தான். அன்று கணுக்கால் வரைதான் இறங்கினார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் புத்தர் கோயில் கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நானும் சித்தார்த்தனும் எண்பதாவது லெவலில் ஒரே விளக்கில் வேலை செய்தோம், அந்த இருட்டில்தான் நான் 'கூண்டு மேலே வரும்' நாடகத்தை எழுதினேன், அதை முதலில் கேட்டு அழுதவன் இந்தச் சித்தார்த்தன்" என்று அவர் சொல்லி முடித்தபோது, சிமெண்டுத் தரை அவருடைய இரண்டு செருப்பையும் களி போல உள்ளே வாங்கிக்கொண்டது. சத்தம் இல்லை, விரிசல் இல்லை. முன்வரிசைக்காரர்கள் அவர் கொஞ்சம் குள்ளமாகிவிட்டாரென்று நினைத்தார்கள். வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று டீயைக் குடித்தார்கள். கவனித்தது செத்தவரின் மகள் தென்றல் மட்டும்தான். அதற்குக் காரணம் கூர்ந்த பார்வை அல்ல. அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தார்த்தன் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் முட்டுமரம் கொடுப்பவராக இருந்தார். மேலே பாறை இறங்காமல் கீழே மரத்தை நிறுத்துகிற வேலை. மனைவி காய்ச்சலில் போனபோது தென்றலுக்கு மூன்று வயது. இரண்டாம் கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டு வந்தவர்களிடம், வர்றவ என் ஆர்மோனியத்தை வெளியே வைப்பாளோ என்னவோ, எதுக்கு வம்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார். முட்டுமரம் கட்டிய கையால்தான் மகளுக்குச் சடை பின்னினார். அந்தச் சடை மூன்று நாளைக்கு அவிழாது, தூங்கும்போது கண்ணையும் மூடவிடாது. கூத்து, கச்சேரி, பேத்தமங்களாவுக்கு வரும் கன்னட நாடகக் கம்பெனி, ஆந்திராக்காரர்களின் பஜனை என்று எது நடந்தாலும் மகள் அவர் தோளில் இருந்தாள். ஆபீசர்கள் கிளப்பில் யாராவது பியானோ வாசித்தால் காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று இருவரும் கேட்டார்கள். வாட்ச்மேன் விரட்டினால், "பாட்டு சொவுத்த தாண்டி வந்துச்சிப்பா, நாங்க தாண்டலயே" என்று சொல்லிவிட்டு, பாட்டு முடிந்த பிறகே நகர்ந்தார்.

'கூண்டு மேலே வரும்' முதலில் எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. ஷிப்ட் முடிந்து, மேலே ஏற்றிப் போகும் கூண்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சித்தார்த்தன் அதை வசனம் வசனமாகச் சொல்ல, கூட நின்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். பாறை சரிந்து கீழே மாட்டிக்கொண்ட தொழிலாளிகள், தகர மூடியும் தலைவிளக்கும் வைத்து ஒரு சூரியன் செய்து, அதற்கு முன்னால் பகல் என்று நினைத்து வாழ்கிற கதை. கடைசியில் கூண்டின் மணி அடிக்கும், உடனே திரை விழும். கூண்டு வந்ததா இல்லையா என்று ஊர் இன்றைக்கும் சண்டை போடுகிறது. மகளுக்குத் தலை பின்னும்போது அவர் ஒவ்வொரு காட்சியையும் அவளிடம் சொல்லிப் பார்ப்பார். அவள் கொட்டாவி விட்ட இடத்திலெல்லாம் வசனத்தை வெட்டினார். நாடகம் இரண்டு மணி நேரத்தில் முடிவதற்கு அதுவே காரணம்.

ஜெயகரன் டைம் ஆபீஸ் குமாஸ்தா. கூண்டில் ஏறினால் தலைசுற்றும் என்று சர்ட்டிபிகேட் வாங்கி வைத்திருந்தவர், ஒரு நாளும் கீழே போனதில்லை. ஆனால் கீழே போகிறவன் எவனும் அவரைத் தாண்டாமல் போக முடியாது. இறங்குகிறவனுக்குப் பித்தளை டோக்கன் கொடுப்பவர் அவர். ஏறி வந்தவன் அதைத் திருப்பித் தந்தால் ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம், தேட வேண்டும். ஒருமுறை அவசரத்தில் டோக்கன் எடுக்காமல் இறங்கிய சித்தார்த்தன், நாள் முழுக்கப் பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு மேலே வந்தார். ஜெயகரன் சட்டைக் கஃபைச் சரிசெய்துகொண்டே, "டோக்கன் இல்லாம எறங்குனவன் எறங்கவே இல்ல" என்று சொல்லி அன்றைக்கு அவருக்கு ஆப்சென்ட் போட்டார். இந்த வாக்கியம் லைன் வீடுகளில் பழமொழியாகிவிட்டது. பெண் பார்க்கப் போய் காப்பி குடிக்காமல் வந்தவனைக்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

நாடகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டியிருந்தபோது, கையெழுத்து அழகாக இருக்கிறவர் என்று ஜெயகரனிடம் போனார்கள். நடிகர்கள் வசனத்தைச் சொல்ல அவர் முழு நாடகத்தையும் எழுதி எடுத்துக்கொண்டார். நோட்டீஸ் அச்சாகி வந்தபோது கதை, வசனம், பாடல், இயக்கம் எல்லாவற்றுக்கும் எதிரே ஜெயகரன் இருந்தார். சித்தார்த்தன் பெயர் கீழே, பாய் விரித்து உதவியவர்களோடு இருந்தது. அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம். சுரங்கம் மூடியது, தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் தூசி எல்லார் சாப்பாட்டிலும் சமமாக விழுந்தது, சித்தார்த்தனின் நெஞ்சில் பாறைத்தூள் இறுகியது. ஜெயகரன் பொன்னாடைகளாகச் சேர்த்தார். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் சித்தார்த்தன் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வசனங்களுக்கு உதட்டை அசைத்துவிட்டு வந்தார். அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது தென்றலுக்கு வாழ்நாள் எரிச்சல். சாந்த சொரூபம் என்று நினைத்திருந்தாள்.

நினைவேந்தல் முடிந்து நாற்காலி மடக்கும்போது வேலு அந்த நினைப்பைச் சரிசெய்தார். அந்த நாடகத்தில் கதாநாயகியாக நடித்த வேலுவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நாற்காலியில் இன்னும் இல்லாத முந்தானையை ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

"உனுக்குத் தெரியாதாம்மா? நோட்டீசு வந்த அன்னிக்கே ஒங்கப்பன் டைம் ஆபீசுக்குப் போனாரு. சண்ட போடத்தான் போனாரு, நானும் கூட இருந்தேன். அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'பேரு வோணுமா, பகல் ஷிப்ட் வோணுமா? ரெண்டுல ஒண்ணு'ன்னான். நைட் ஷிப்ட்ல போட்டுட்டா ஊட்ல உன்ன யாரு பாக்கறது? நீ அப்ப மூணாங் கிளாசு."

"அப்பா இன்னா சொன்னாரு மாமா?"

"பகல் ஷிப்ட்டுன்னாரு. யோசிக்கக்கூட இல்ல. வெளிய வந்து பீடியப் பத்தவெச்சவரு, 'நேரமாச்சி வேலு, பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்துரும்'னு நடந்துட்டாரு. அவ்ளோதான் கத."

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒவ்வொரு நாளும் அப்பா ஈரத் தலையோடு வாசலில் நின்றது தென்றலுக்கு ஞாபகம் வந்தது. சாயங்காலம் என்றால் அப்பா இருப்பார், அது இயற்கை என்று நினைத்து வளர்ந்திருந்தாள். அதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கும் என்று தோன்றியதில்லை. அவள் அழவில்லை. பெங்களூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் தையல் பிசகு கண்டுபிடிப்பது அவள் வேலை; பிசகிய தையலைக் கிழிக்கக் கூடாது, நூலின் ஒரு நுனியைப் பிடித்து நிதானமாக இழுத்தால் முழுசாக வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஜெயகரனின் செருப்பு எந்த வாக்கியத்தில் இறங்கியது என்பதும் தெரியும்.

அடுத்த வாரமே 'தங்கவயல் ரயில் பயணிகள் கலை இலக்கியப் பேரவை' உதயமானது. விடிகாலை பெங்களூர் ரயிலில் அவள் பெட்டியில் தூங்குகிறவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். அதிகமாகத் தலையாட்டித் தூங்கிய உதய் தலைவர். எல்லாத் தீர்மானத்துக்கும் அவர் சம்மதம் கிடைத்தது. பேரவை ஜெயகரனுக்குப் பாராட்டு விழா நடத்தியது. ஒன்றல்ல, மாதத்துக்கு ஒன்று. தென்றலே பொன்னாடை போர்த்தி, கைகூப்பி, "ஐயா உங்கள் சுரங்க அனுபவத்தைச் சொல்ல வேண்டும்" என்று கேட்டுவிட்டு முதல் வரிசையில் போய் உட்காருவாள். அவர் சொல்லுவார். இறங்குவார். ராபர்ட்சன்பேட்டையில் கெண்டைக்கால் வரை. பேத்தமங்களா ஏரிக்கரையில் முழங்கால் வரை. அங்கே ஒரு விவசாயி வந்து, ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். கோலாரில் விழா மாடி ஹாலில் நடந்ததால், கீழே இருந்த சலூனின் கூரையிலிருந்து இரண்டு கால்கள் தொங்கின. சலூன்காரர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, நகம் வெட்டி நாளாகியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

உட்கார்ந்தால், படுத்தால் ஜெயகரனுக்கு ஒன்றும் இல்லை. எழுந்து நின்றால்தான், எந்த ஊர்த் தரையானாலும் போன கூட்டத்தில் விட்ட அளவுக்கு இறங்கி நின்றார். தண்ணீரில் நடப்பவர் போல நடந்தார். பின்னால் தரை மூடிக்கொண்டது. அவர் இதை நோய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸ்களில் 'மண்ணுக்குள் வேரோடிய கலைஞர்' என்று போடச் சொன்னார். இடுப்பு வரை போனபோதுதான் டாக்டரிடம் போனார். டாக்டர் அளந்து பார்த்து, ஆள் சரியாக இருக்கிறார், தரையைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும் என்றார்.

வைத்தியத்தைக் கண்டுபிடித்தது அவர் மனைவி ஈவ்லின். பரணிலிருந்து குக்கரை எடுத்துத் தர உயரம் போதாமல் நின்ற புருஷனைப் பார்த்து அவள் கத்தினாள்: "இன்னா மனுஷன்யா நீ? என் கிட்டயாவது நெசத்த சொல்லு. ஒரு நாளாவது அந்தக் கூண்டுல கால வெச்சியா?" அவர் முணுமுணுப்பாக, "இல்ல" என்றார். உடனே ஒரு சாண் மேலே வந்தார். குக்கர் எட்டிவிட்டது. ஈவ்லின் இதை மார்க்கெட்டில் சொன்னாள். அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: பொய்க்கு இறக்கம், நிஜத்துக்கு ஏற்றம்.

ஆண்டர்சன்பேட்டையில் புதிதாகக் கட்டிய திறந்தவெளி அரங்கத்துக்கு ஜெயகரன் பெயரை வைப்பதாக ஏற்கெனவே முடிவாகி, போர்டும் எழுதித் துணி போட்டு மூடியிருந்தார்கள். திறப்பு விழா அன்று அவர் கழுத்து வரை மேடைக்குள் நின்றார். மைக்கை மடக்கித் தரையோடு வைத்தார்கள். மாலையை அவர் கழுத்தில் போட முடியாமல் சுற்றிலும் வைத்தார்கள். பார்ப்பதற்குக் கோலத்துக்கு நடுவில் வைத்த பூசணிப்பூ போல இருந்தார். தென்றல் பொன்னாடையோடு பக்கத்தில் குந்தினாள்.

"ஜெயகரன் சார். ஒரே ஒரு வரி. நாடகம் எங்கப்பாது. மைக்ல சொல்லுங்க, மேல வந்துருவீங்க. போர்டுல பேர மாத்திட்டு நானே உங்கள ஊட்ல வுட்டுட்டு வர்றேன்."

"நீ நல்ல பொண்ணும்மா," என்றார் அவர். "அப்பன் மாதிரியே."

அந்த வார்த்தையில் அவள் பல்லைக் கடித்தாள். அவர் அந்த வரியைச் சொல்லிவிடக் கூடாதே என்று, தான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் மைக்கில் தொண்டையைச் செருமினார். "நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா," என்றார். தோள் வெளியே வந்தது. "கூண்டில் ஏறியதில்லை," என்றார். மார்பு வந்தது. "'கூண்டு மேலே வரும்' என் நாடகம் இல்லை. சித்தார்த்தனுடையது." இடுப்பு வந்தது, பெல்ட் தெரிந்தது. ஊர் மூச்சுக்கூட விடாமல் கேட்டது. யாரும் கைதட்டவில்லை. அவருடைய எழுபத்தெட்டு வயசில், மைக் முன்னால் இப்படி ஒரு அமைதியை அவர் சந்தித்ததே இல்லை. கண்கள் முன்வரிசையில் அலைந்தன. "அதாவது," என்றார், "சித்தார்த்தனுக்கு அதை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்து எழுதவைத்தவனே நான்தான்." தூக்கத்திலிருந்து விழித்த பேரவைத் தலைவர் உதய், பழக்கத்தில் கைதட்டினார். ஒரு ஜோடிக் கைதான். அது போதுமாக இருந்தது. ஜெயகரன் மலர்ந்து, எண்பதாவது லெவலைச் சொன்னார், எழுபதையும் அறுபதையும் சேர்த்துச் சொன்னார், சொல்லிக்கொண்டே மைக் வயரோடு போய்விட்டார். சிமெண்டு மூடிக்கொண்டது. மேலே ஒரு பொன்னாடையும் மாலையும் கிடந்தன.

முன்பு பூமி ஆடினாலே சுரங்க ஷாப்ட் வாசலுக்கு ஓடிப் பழகிய ஜனம் அது. கிழவர்கள் கயிறு, கடப்பாரை என்று எழுந்தார்கள். வேலு புடவைத் தலைப்பைச் சரிசெய்வது போலத் தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "டோக்கன் எடுத்தாரா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எடுக்கவில்லை.

"அப்ப எறங்கவே இல்ல," என்றார் வேலு. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. விதி ஜெயகரன் போட்டதுதான். உட்கார்ந்தார்கள், லட்டு வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். ஈவ்லின் கொஞ்ச நாள் மேடையில் வந்து உட்கார்ந்து திட்டிவிட்டுப் போனாள். பிறகு பரணில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கி வைத்துக்கொண்டாள். போர்டு விஷயம் தானாகத் தீர்ந்தது. உயிரோடு இருப்பவர் பெயர் என்றால் அவர் நேரில் வர வேண்டும், இல்லாதவர் பெயர் என்றால் இறப்புச் சான்று வேண்டும். இரண்டும் இல்லாததால் துணியை எடுக்காமலே அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு, புதுப் போர்டில் 'சித்தார்த்தன் அரங்கம்' என்று எழுதி மாட்டினார்கள்.

இப்போது வருஷா வருஷம் நாடகம் அங்கேதான் நடக்கிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகள் நடிப்பதால் வசனம் பாதியில் மறந்துபோகும். மறந்தால், மேடைக்கு அடியிலிருந்து தெளிவான உச்சரிப்பில் அடுத்த வரி வரும். ஒரு நாளும் தப்பியதில்லை. முழுசாக எழுதி எடுத்தவர் அல்லவா. கீழே கைதட்டல் சரியாகக் கேட்காது என்று ஒலி அமைப்பவர் சொல்கிறார்.

வாரம் முழுக்க அவர் கீழே தனியாகப் பேசிக்கொண்டிருப்பார், பெரும்பாலும் நிஜத்தைத்தான். "நான் குமாஸ்தா. தலைசுற்றும் என்றது பொய். பகல் ஷிப்ட்டுக்குப் பேரை வாங்கிக்கொண்டேன்." அதனால் சனிக்கிழமைக்குள் மேடை நடுவில் சிமெண்டு வழுக்கைத் தலை அளவுக்கு மெல்லப் புடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்றல் பையோடு வந்து, அந்தப் புடைப்பின் பக்கத்தில் குந்தி, மரியாதை குறையாமல் கேட்பாள்:

"ஜெயகரன் சார், நீங்க எத்தினாவது லெவல்ல வேல பாத்தீங்க?"

 கீழே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கும்.

"நூறாவது லெவல்மா. அதுக்குக் கீழ ஆளே போனதில்ல."

"அப்படிங்களா சார்," என்று அவள் இரண்டு தடவை கைதட்டுவாள். மேடை மட்டமாகும். அவள் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு நடப்பாள். பத்து மணிக்கு மேல் போனால் எலும்பைத்தான் போடுவான்.