துளையை அடைத்த ஃப்ளெக்ஸ்

...இல்லை, இது வெறும் மூத்திர நாற்றம் இல்லை, அழுகின மீன், ஈரச் சாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பினாயில், இந்த இடத்தில் யார் பினாயில் ஊற்றுவார்கள், தோன்றியதை அப்படியே விட்டுவிட்டுத் துப்பட்டாவை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள் சுபாஷிணி, டேப்லெட்டில் தட்டினாள், அமைப்பு எண் பதினொன்று, மட்டாஞ்சேரி, காயலோரம், போர்க்காலக் காவல் அறை, கான்கிரீட், சுவர் இரண்டடி கனம்... ஜப்பான்காரன் கப்பலில் வருவான் என்று பயந்து வெள்ளைக்காரன் கட்டினது, ஜப்பான்காரன் வரவில்லை, வந்ததெல்லாம் குப்பை. வீட்டில் முதல் டிகிரி, தெருவுக்கே முதல் டிகிரி, எம்.ஏ. வரலாறு, அதற்குக் கிடைத்தது ஆறு மாச ஒப்பந்தத்தில் பழைய கட்டடக் கணக்கெடுப்பு, அதாவது நாற்றத்தை அளக்கிற வேலை. இதுவரை பார்த்த பத்தும் இப்படித்தான், உடைந்த பாட்டில், நாய் குட்டி போட்ட சாக்கு, சுவர் முழுக்கக் கெட்ட வார்த்தை, இதற்கெல்லாம் 'நம் பாரம்பரியம்' என்று பலகை வைக்கப்போகிறார்களாம், காரித் துப்பலாம் போல இருந்தது, துப்ப வேண்டுமானால் துப்பட்டாவை எடுக்க வேண்டும், விழுங்கிக்கொண்டாள்.

படம் எடுக்கிற அனில் சேட்டன் பத்தடி தள்ளியே நின்றார். "அந்தச் சுவர் ஓட்டையில சுருட்டி வச்ச ஃப்ளெக்ஸை ஒண்ணு உருவிக் களை மோளே. துப்பாக்கித் துளை தெரியாத படம் மேலே பாஸாகாது." "நீங்க உருவுங்க சேட்டா." "எனக்கு அலர்ஜி." "எனக்கு மட்டும் அத்தரா மணக்குது?" அவர் சிரித்தபடி கேமராவைத் துடைத்தார். போன தேர்தலில் தோற்றவனின் கும்பிட்ட கை, பாதிச் சிரிப்பு, இறுக்கிச் சுருட்டி, ஆடாமலிருக்க ஒரு மரத்துண்டும் செருகி... குப்பை தானாக இப்படிச் சுருண்டுகொள்ளுமா, யோசிப்பதற்குள் உருவிவிட்டாள், வெளிச்சம் உள்ளே பாய்ந்தது, கொடியில் ஏழெட்டுப் பச்சைக் கோட்டுகள், ஆணியில் ஒரு கண்ணாடி, வாளித் தண்ணீர், உள்பாவாடையோடு ஒரு முதுகு, இடது தோளுக்குக் கீழே கஞ்சி கொட்டிச் சுட்ட தழும்பு. அந்தத் தழும்புக்குத் தேங்காயெண்ணெய் தடவின விரல் இவளுடையது. "யாரது," என்றது பேச்சியம்மாளின் குரல், அலறவில்லை, திரும்பவுமில்லை, தினமும் யாராவது எட்டிப் பார்த்துப் பழகிய அலுப்பு. அம்மா. இரண்டு கையாலும் ஃப்ளெக்ஸைத் திணித்தாள், போதாமல் தன் முதுகையே துளைக்குக் கொடுத்து நின்றாள்.

"எந்தா, பாம்பா?" "ஆள் இருக்கு சேட்டா. தெரு கூட்டுறவங்க, துணி மாத்துறாங்க." அம்மா என்று சொல்லவில்லை, வாய் தானாகவே சுற்றி வளைத்துப் போனது. "ஓ, அப்போ ஆக்கிரமிப்புனு போடு. அடுத்த வாரம் கேட் வச்சுப் பூட்டிடுவாங்க." டேப்லெட்டில், தற்போதைய பயன்பாடு: பயன்பாட்டில் இல்லை, குப்பை, ஆக்கிரமிப்பு. "வேற எதுவும் இல்லையா சேட்டா?" "மூணுதான். எதைத் தொட்டாலும் பூட்டுதான்." விரல் திரைக்கு மேலே நின்றது... விடியுமுன் அம்மா இஸ்திரி போட்ட வாயில் சேலையில் பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறுவாள், அதே சேலையில், ஒரு கறை இல்லாமல், மத்தியானம் இறங்குவாள், அக்கம்பக்கம் கார்ப்பரேஷன் ஆபீஸில் வேலை என்று நம்பியது, காலேஜில் இவளும் அதையே சொன்னாள், நடுவில் அந்தச் சேலை எங்கே அவிழ்ந்து எங்கே கட்டப்பட்டது? எந்தப் போர் எந்த வருஷம் என்று தூக்கத்தில் கேட்டாலும் இவள் சொல்லுவாள், இதை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டால் பதிலும் நாறும் என்று தெரிந்துதானே கேட்கவில்லை? பூட்டினால் நாளைக்கு எங்கே மாற்றுவார்கள், ஏழெட்டுப் பெண்கள், பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸிலா, இதே நாற்றத்தோடு பஸ்ஸிலா...

பக்கவாட்டுச் சந்திலிருந்து அம்மா வந்தாள், நனைந்த நெற்றி, கறையில்லாத சேலை. மகளைப் பார்த்தாள், மூக்கை மூடிய துப்பட்டாவைப் பார்த்தாள், கேமராக்காரரைப் பார்த்தாள். "கொஞ்சம் வழி விடுங்க மேடம்," என்றாள். சுபாஷிணி வழி விட்டாள். ஒரு அடி, பின்னால், உடனே. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது, நிம்மதி, நிம்மதியேதான், தூ, இந்த இடத்திலேயே அருவருப்பானது இதுதான், இத்தனை நேரம் சுவரையா முகர்ந்துகொண்டிருந்தோம்... அம்மா படகுத்துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள், நடையில் ஒரு தடுமாற்றம் இல்லை, 'மேடம்' என்ற குரலிலும் இல்லை. முதல் தடவை சொல்கிறவர்களுக்கு அப்படி வராது. அப்படியானால் இதற்கு முன்னால் எங்கே, காலேஜ் வாசலிலா, தோப்பும்படிப் பாலத்திலா, சிநேகிதிகளோடு சிரித்துக்கொண்டு போன எந்தத் தெருவில், துடைப்பத்தோடு ஒதுங்கி நின்ற எந்தப் பச்சைக் கோட்டு...