மடியில் மீன் தொட்டி

"சீட்டுல ஒரு சொட்டு தண்ணி சிந்துச்சு, அப்புறம் சாவியத் தொடக்கூடாது" என்று அண்ணியிடம் அவள் கணவர் கறாராகச் சொல்லித்தான் வண்டியைக் கொடுத்திருந்தார். வீடு மாற்றுகிற நாள். லைசென்ஸ் வாங்கிய கையோடு அண்ணி ஓட்டினாள். பக்கத்தில் நாத்தனார், அவள் மடியில் மீன் தொட்டி.

இறக்கத்தில் சிக்னல் சிவப்பானது. அண்ணி பதறிப்போய் முதலில் கிளட்சை மிதித்தாள். வண்டி வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"கிளட்ச விடுங்க அண்ணி! பிரேக்க மெதுவா மிதிங்க!"

"கிளட்ச் இல்லாம வண்டி நின்னுடுமேடி!"

"நிக்கத்தானே மிதிக்கிறீங்க!"

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே கிளட்சை விட்டு பிரேக்கை இதமாக அழுத்தினாள். வேகம் குறைந்ததும் இரண்டாவது கியருக்கு மாற்றினாள். எஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. நிற்கப்போகும் நேரத்தில்தான் மறுபடி கிளட்சை மிதித்தாள். வண்டி கோட்டுக்கு முன்னால் பூப்போல நின்றது.

"பாத்தியாடி!" என்று துள்ளியதில் கால் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"ஐயோ, சீட்டு?"

நாத்தனார் சொட்டச் சொட்ட நனைந்தபடி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மீனும் பத்திரம், சீட்டும் பத்திரம். மொத்தத்தையும் நானே வாங்கிக்கிட்டேன். சாவி உங்களுக்குத்தான் அண்ணி, ஓட்டுங்க!"