வாசல் வெளிச்சம்

முப்பது வருஷமாக மேட்சிங் பிளவுஸ் துணி விற்கிறேன். தி. நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் நுழைய முடியாத கடை. சேலையைக் காட்டினால் போதும், நூறு பீஸுக்குள்ளிருந்து சரியான நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உருவுவேன். அப்படிப்பட்ட சுந்தரவல்லியை நிற விஷயத்திலேயே ஒருத்தர் ஏமாற்றிவிட்டார் என்றால் வயிறு எரியுமா, எரியாதா?

முதல் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். அவசரத்தில் நான் கத்தரிக்கோலைத் தேட மாட்டேன். துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி, "ஒருநாள் பல்லு போவப்போவுது பாரு" என்று சொல்லாத நாளில்லை. அன்றைக்குத் துணியில் குத்தியிருந்த குண்டூசியை நான் கவனிக்கவில்லை. மேல்வரிசை முன்பல்லின் மூலை உடைந்து, அரிசிக் குருணை மாதிரி கையில் விழுந்தது.

வலி அவ்வளவாக இல்லை. ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு எட்டே நாள்தான் இருந்தது. ஆடியில் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை வாய் ஓயாமல் பேசி விற்க வேண்டும். ஓட்டைப் பல்லைப் பொத்திக்கொண்டு யாரிடம் பேசுவது? எனக்கு அந்தப் பல் பழையபடி முழுசாக வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

என் மகள் அனுப்ரியா போனில் ரேட்டிங் நட்சத்திரம் எண்ணிப் பார்த்து அடையாறில் ஓர் இடத்துக்கு அனுப்பினாள். அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் வந்து, "எந்த பேக்கேஜ் மேடம்?" என்றாள்.

"பல்லை முதல்ல பாருங்கம்மா."

"இந்த ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான் மேடம்."

அடி சக்கை! இந்த வசனத்தைத் தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவள் நான், என்னிடமேயா? எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது மயிலாப்பூர். லஸ் பக்கத்தில் ஒரு சந்துக்குள் டாக்டர் கோமளம். போனால், காத்திருக்கும் அறையில் நான் ஒருத்திதான். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் அந்த அம்மாள் எக்ஸ்ரே எடுத்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? "செத்த வாசலுக்கு வாங்கோ" என்று வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, சின்னச் சின்னப் பல் சாம்பிள்களை என் பல்லோரம் வைத்து வைத்துப் பார்த்தார். கீரைக்காரி பார்க்கிறாள், ஆட்டோக்காரர் பார்க்கிறார். எனக்கு மானமே போயிற்று. பாதியிலேயே வாயை மூடிக்கொண்டேன்.

"மூலை மட்டும்தான் போயிருக்கு. பல்லு கலர்லயே ஒட்டிடலாம். ஆனா அடி பட்டிருக்கே, உள்ள நரம்பு எப்படி இருக்குன்னு பாத்துண்டு பண்ணலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்கோ."

"ஆடி வருது டாக்டர். பல்லு மேல ஒரு கேப் போட்டு மூடி விட்டுருங்களேன்."

"கேப் போடணும்னா நல்ல பல்லைச் சுத்திச் சீவணும். உங்களுக்கு அது வேண்டாம்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தேடி வந்த ஆளிடம் வேண்டாம், போய்விட்டு வா என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்? எங்கள் தெருவில் சரக்கு இல்லாதவர்தான் அப்படிச் சொல்வார். அதுவும் ஈ ஓட்டும் இடம். இவருக்குக் கேப் போட வராது, அதனால்தான் தட்டிக் கழிக்கிறார் என்று முடிவு கட்டினேன். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணித்தான் நாங்கள் ஒரு கடையை எடைபோடுவோம்.

அப்படிச் செருப்பு குவிந்து கிடந்த இடம் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியிலேயே இருந்தது. டாக்டர் நிரஞ்சன். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். அதுவே எனக்குத் திருப்தியாக இருந்தது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

"நாலே நாள்ல முடிச்சிடலாம் ஆன்ட்டி" என்றார் நிரஞ்சன். "ஒரு பல்லுக்கு மட்டும் கேப் போட்டா தனியாத் தெரியும். பக்கத்துப் பல்லுக்கும் சேர்த்துப் போட்டா ஜோடியா அழகா இருக்கும்."

ஜோடி என்றதும் மயங்கிவிட்டேன். பிளவுஸுக்கு வந்தவளின் தலையில் உள்பாவாடைத் துணியையும் நான் இப்படித்தான் கட்டுகிறேன். தெரிந்தே விழுந்தேன். மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு பல்லையும் சீவினார். நாலாம் நாள் சாயங்காலம் கேப் இரண்டும் ஒட்டினார். தலைக்கு மேல் பளீரென்று விளக்கு. கண்ணாடியை நீட்டி, "மேட்சிங் ஓகேவா ஆன்ட்டி?" என்றார். "ஓகே" என்றேன்.

மறுநாள் காலை ஓர் அம்மாள் மாம்பழ மஞ்சள் சேலைக்குத் துணி கேட்டார். வழக்கம்போல் வாசலுக்கு இழுத்துப் போனேன். "டியூப்லைட்ல நிறத்தை நம்பாதீங்கம்மா, வெயில்ல வச்சுப் பாருங்க" என்றேன். அந்த அம்மாள் துணியைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். கடை உதவிக்கு நிற்கும் ஜஹனாரா ஓடிவந்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது? ரெண்டு பல்லு மட்டும் சுண்ணாம்பு அடிச்சா மாரி கீது!"

கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெற்றிலைக் கறை படிந்த என் வரிசைக்கு நடுவே நீலம் போட்டு வெளுத்த மாதிரி இரண்டு பல். அப்போதே அந்தக் கிளினிக்கின் மாடியேறிப் போய்க் கத்தினேன். நிரஞ்சன் அசரவே இல்லை.

"முதல்ல அப்படித்தான் தெரியும் ஆன்ட்டி. போகப் போக செட் ஆயிடும்."

"ரெண்டு தண்ணி போனா செட் ஆயிரும்" என்று, துணியோடு திரும்பி வந்த எத்தனை பேரை நான் அனுப்பியிருப்பேன்! படியிறங்கினேன். கடைக்குப் போகாமல் நேரே மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

அன்றும் கோமளத்தின் அறையில் யாரும் இல்லை. அவர் திட்டவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, மறுபடி வாசலுக்குக் கூட்டிப் போனார். அதே கீரைக்காரி. இந்தத் தடவை நான் வாயை மூடவில்லை.

"நெறத்தை மாத்தி வேற கேப் போடலாம்" என்றார்.

"கேப் கிடக்கட்டும் டாக்டர். இதைக் கழட்டிட்டு என் பல்லையே முன்ன மாதிரி ஆக்க முடியாதா?"

"உள்ள குச்சி மாதிரிதான் மிச்சம் இருக்கு. பக்கத்துப் பல்லுக்கு ஒண்ணுமே ஆகலை, அதையும் சீவிட்டா. ரெண்டுக்கும் இனிமே கேப் இல்லாம ஆகாது."

எனக்கு அழுகை முட்டியது. அதை மறைக்க எரிந்து விழுந்தேன். "இவ்வளவு தெரிஞ்ச உங்ககிட்ட ஏன் டாக்டர் ஒரு கூட்டமும் இல்ல? நாலு பேரு உக்காந்திருந்தா நான் அங்க போயிருப்பேனா?"

கோமளம் கோபிக்கவில்லை. "வரவாள்ல பாதிப் பேர்கிட்ட ஒண்ணும் வேண்டாம்னு சொல்லி அனுப்பிடறேன். அப்புறம் கூட்டம் எங்கேர்ந்து வரும்?" என்றார்.

கடைக்குத் திரும்பியபோது கல்லா முன்னால் ஒரு பெண் கிழித்த பிளவுஸ் துணியோடு நின்றிருந்தாள். "வீட்ல போய்ப் பார்த்தா வேற கலரா இருக்குங்க, மாத்திக் குடுங்க" என்று ஜஹனாராவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஜஹனாரா கல்லாவுக்கு மேலே தொங்கும் போர்டைக் காட்டினாள். வெட்டிய துணி திரும்பப் பெறப்பட மாட்டாது. அதை எழுதி மாட்டியவள் நான்தான். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், கையால் பொத்திக்கொண்டேன்.