கீழ்வரிசை, வலது பக்கம்

எக்ஸ்ரே படம் அசையாமல் நிற்கிறது என்று யாராவது புகார் சொல்வார்களா? சினிமாவா ஓடுகிறது, அசைவதற்கு? அதனால்தான் எங்கள் கிளினிக் கம்ப்யூட்டர் எத்தனை நாளாக எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. அடிக்கடி திரை கறுத்துப் போய், நாலு மூச்சு விடுவதற்குள் திரும்பி வரும். சில நாள் வராது. அப்போது நான் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். சண்டி என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். பதினோரு வருஷப் பெட்டி. மாற்றச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கிளினிக் என் கொழுந்தனுடையது. அவர் பல் டாக்டர். பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது, எக்ஸ்ரே பட்டனை அழுத்துவது, பதிவேட்டில் பேர் எழுதுவது, வலிக்கிறது என்று போன் செய்பவர்களைச் சமாளிப்பது எல்லாம் நான். ஆள் இருந்தால் 'டாக்டர்' என்பேன், ஆள் போனதும் 'தம்பி' ஆகிவிடுவார்.

அன்று காலையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்து படுத்தார். கீழ்வரிசை, வலது பக்கம் வலி. அவருக்கு முன்னால் பார்த்த அம்மாவுக்கும் அதே பக்கம்தான். படம் எடுத்தோம். டாக்டர் திரையைக் குனிந்து பார்த்து, கடைசிக்கு முந்தின பல் போய்விட்டது, எடுத்துவிடலாம் என்று மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். நான் தபால்காரரின் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பல்லுக்கு உலோகத்தில் கேப் போட்டிருந்தது, பளபளவென்று. உலோகம் எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று விழும். திரையில் வெள்ளையே இல்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம். இவருக்கு கேப் போட்ட பல்லு இருக்கு. படத்துல இல்ல."

டாக்டர் மௌஸைப் பிடித்து அசைத்தார். அம்புக்குறி சமர்த்தாக அங்கும் இங்கும் ஓடியது. படம் மட்டும் இம்மி நகரவில்லை. நான் அணைத்துப் போட்டு, தபால்காரரின் பேரில் சேமிப்பாகியிருந்த படத்தைத் திறந்தேன். கேப் இருந்தது. டாக்டர் பிடுங்க இருந்த பல் கல் மாதிரி இருந்தது. முன்பு திரையில் நின்றது அந்த அம்மாவின் படம்.

நாளைக்கு வாங்க ஐயா என்று சொன்னதும் தபால்காரர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போனார். கொழுந்தன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். நல்லவேளை அண்ணி என்றார், வயர் லூஸாக இருக்கும் என்றார். எனக்கு அதோடு விட மனசில்லை. இன்றைக்கு கேப் இருந்தது, பார்த்தேன். பல்லுக்குப் பல் முகஜாடையா இருக்கிறது, ஆள் மாறினால் கண்டுபிடிக்க?

அன்றைக்கு வருவதாக இருந்தவர்களை எல்லாம் போன் போட்டு நிறுத்தினேன். மீதி இருந்தவர் ஒருத்தர்தான், சாயங்காலம் ஐந்து மணிக்கு, என் வீட்டுக்காரர். மூன்று வாரத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பல் எடுத்தோம். வலி இன்னும் நிற்கவில்லை என்று தினமும் புலம்பல். இல்லாத பல்லுக்கு வலிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் கேலி பேசாத நாளில்லை.

கம்ப்யூட்டர் மெக்கானிக் நாளைக்குத்தான் வரமுடியும் என்றார். நாளை வரைக்கும் என்னால் உட்கார முடியாது. போனிலேயே சொல்லுங்கள், நான் பிரிக்கிறேன் என்றேன். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே தூசி மெத்தை போட்டுப் படுத்திருந்தது. திரைக்குப் படம் அனுப்புகிற கார்டு தனியாக ஒன்று உண்டாம். அதன் காற்றாடியில் முடியும் பஞ்சும் சிக்கி, ஒரு சுற்றுக்கு ஒரு முனகல் முனகியது. பிரஷ்ஷால் துடைத்தேன். கார்டைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினேன். டிரைவர் என்ற ஒரு சமாச்சாரத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நாலாவதில் சண்டி நின்றது.

அணைத்துப் போட்டேன். ஆறாவதில் நின்றது. கொழுந்தன் பின்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். ஒரு இடத்தில் உட்காருங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது என்று ஒரு அதட்டு போட்டேன். அப்போது என் முழங்காலில் சுரீர் என்று சூடு பட்டது. கருவிகளை ஆவியில் வேகவைக்கிற பெட்டி மேஜைக்குக் கீழே இருக்கிறது. அதன் சூடு முழுக்கக் கம்ப்யூட்டரின் வயிற்றில்தான் போய் இறங்கிக்கொண்டிருந்தது. இடம் மிச்சம் என்று அங்கே வைத்த புத்திசாலி நான்தான். கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தேன். இருபது படம், முப்பது படம், நிற்கவே இல்லை.

மெக்கானிக் சந்தோஷப்பட்டார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு தடவை கார்டு நின்றபோதும் கம்ப்யூட்டர் தேதி, மணியோடு குறித்து வைத்திருக்குமாம். அதை எங்கே திறப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். திறந்தேன். இரண்டு மாதத்தில் இருபத்திரண்டு தடவை.

பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மணிக்கும் நாற்காலியில் யார் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல் சுத்தம் செய்ய வந்தவர், கம்பி மாட்ட வந்த பிள்ளை. பாதகமில்லை. ஏழாவது வரியில் மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபத்தேழு. பதிவேட்டில் என் கையெழுத்தில் என் வீட்டுக்காரர் பேர். அதற்கு முந்தின பேருக்கும் அவர் பேருக்கும் நேராக 'கீ.வ. வலது', அதாவது கீழ்வரிசை வலது, என்று எழுதியிருந்தேன்.

அவருடைய படத்தைத் திறந்தேன். நாங்கள் பிடுங்கிய பல் வேர் வரைக்கும் நன்றாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பல்லின் வேரடியில் கறுப்பாக ஒரு வட்டம். அன்றைக்கு அவர் விரலை வைத்துக் காட்டியது அந்தப் பல்லைத்தான். வலி ஆளை ஏமாற்றும் அண்ணா, படம் ஏமாற்றாது என்று கொழுந்தன் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கொழுந்தன் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் படிக்க வைத்தது என் வீட்டுக்காரர். தான் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு லேத் பட்டறையில் நின்று இரும்பு கடைந்து படிக்க வைத்தார். அந்த அண்ணன் வாயில்தான் கை வைத்திருக்கிறோம். நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டு ஆள்தானே, வெளியே போகாது என்று. அந்த நிமிஷமே பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன்.

கொழுந்தனுக்கும் அதே எண்ணம்தான் போல.

"அண்ணி, அந்தப் பல்லைக் காப்பாத்திடலாம். இன்னிக்கே வேர் வைத்தியம் ஆரம்பிச்சுடறேன். வலி நின்னுடும். அண்ணனுக்கு எதுவும் தெரிய வேண்டாமே."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா, தம்பி? நான் தினம் அந்த மூஞ்சியில முழிக்கணும்."

மணி நாலே முக்கால். நான் துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தேன். சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அண்ணன் தம்பிக்குள் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும்?

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார், கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு. சட்டையில் எண்ணெய்க் கறை. நேராக நாற்காலிக்குப் போய்ப் படுத்து வாயைத் திறந்தார். கொழுந்தன் விளக்கைப் போட்டார், கண்ணாடியை எடுத்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஏங்க, வாயை மூடுங்க. நீங்க கை வெச்சுக் காட்டின பல்லு வேற, நாங்க எடுத்தது வேற."

எல்லாவற்றையும் சொன்னேன். சூடு, கார்டு, செவ்வாய்க்கிழமை, எதையும் விடவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். நாக்கால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கொழுந்தன் அழுதுவிட்டார். தம்பி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். தட்டவில்லை.

"எத்தனை தடவை நின்னுது?"

"இருபத்திரண்டு," என்றேன்.

"அதுல பல்லு பிடுங்கினது எத்தனை பேருக்கு?"

நான் கொழுந்தனைப் பார்த்தேன். கொழுந்தன் தரையைப் பார்த்தார். உங்கள் பேர் வந்ததும் நிறுத்திவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"பட்டறையில அளக்கிற கருவி தப்புன்னு தெரிஞ்சா, கடைஞ்சது பூராவையும் திரும்ப எடுத்து அளப்போம். கண்ணுக்குப் பட்டதை மட்டும் இல்ல. என் வாயை அப்புறம் பார்த்துக்கலாம்டா. முதல்ல மத்தவங்களைப் பாரு."

வெளியே போய்க் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மாத்திரையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கையசைத்து வேண்டாம் என்றார்.

பதிவேட்டைத் திரும்பப் பிரித்தேன். மிச்சமிருந்த பதினைந்து வரிகளில் பல் பிடுங்கியது இரண்டு பேருக்கு. முதல் படத்தில் பிடுங்கியது சரியான பல்தான். அடுத்தது துணிக்கடையில் பில் போடுகிற ஒரு பெண். கொழுந்தன் படத்தைப் பெரிசாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி பெரிசாக்கினார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது மணியிலேயே அந்தப் பெண் எடுத்துவிட்டாள். கடை இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"டாக்டரா? நீங்களே கூப்பிட்டுட்டீங்களா! பல்லு எடுத்தும் வலி நிக்கலைங்க. மூணு தடவை போன் பண்ணேன். அங்க இருக்கிற அக்கா, எடுத்த இடம் அப்படித்தான் இருக்கும், சும்மா சும்மா கூப்பிடாதேன்னாங்க. உங்ககிட்ட சொல்றேன்னும் சொன்னாங்க. சொன்னாங்களா?"

கொழுந்தன் என்னைப் பார்த்தார். நான் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"அந்த அக்காதான்மா பேசறேன்," என்றேன். "நான் சொல்லலை."